மெஸ்ஸின்னா என்னங்கப்பா?

மனைவிக்குக் கோயம்புத்தூரில் நர்ஸ் வேலை கிடைத்ததும் மகளும் அவளோடு போய்விட்டாள். குமாரபாளையத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் நான் மேற்பார்வையாளர். சட்டென்று விட்டுவிட்டுக் கிளம்ப முடியவில்லை. மூன்று பேர் இருந்த வாடகை வீட்டில் நான் மட்டும் தங்கினேன்.

ஒரு சாயங்காலம் மகள் போனில் கூப்பிட்டாள். மூன்றாம் வகுப்பு. ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்துகொண்டு ஒரு வாக்கியம் எழுத வேண்டுமாம்.

"மெஸ்ஸின்னா என்னங்கப்பா? நீங்க சாப்பிடற மெஸ்ஸுங்களா?"

"அது வேற சாமி. ஊட்டுல சாமானெல்லாம் அங்கொண்ணு இங்கொண்ணு எறைஞ்சு கெடக்குமில்ல, அதைச் சொல்றது. ரூம் மெஸ்ஸியா இருக்குது, தலைமுடி மெஸ்ஸியா இருக்குதுன்னு சொல்லலாம்."

"செரிங்கப்பா" என்று வைத்துவிட்டாள். இன்னும் இரண்டு உதாரணம் சொல்லத் தயாராக இருந்தேன்.

மறுநாள் மனைவி நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாள். 'என் அப்பாவின் வீடு மெஸ்ஸியாக இருக்கிறது' என்று ஆங்கிலத்தில், கோடு தாண்டாமல் எழுதியிருந்தாள் மகள். ஓரத்தில் டீச்சர் போட்ட சிவப்பு டிக். கூடவே மனைவி ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பியிருந்தாள். நானும் ஒன்று அனுப்பினேன்.

அப்புறம்தான் உறைத்தது. அவள் எழுதியது பொய்யில்லை. துவைத்த துணி மடிக்காமல் ஒரு வாரமாகக் கட்டிலில் கிடந்தது. மிச்ச இடத்தில்தான் படுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் போன வருஷம்வரை அவளுக்கு அது 'எங்க ஊடு'. அப்பாவின் வீடாக எப்போது ஆனது?

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒழுங்குபடுத்தினேன். சமையல் மேடையில் இருந்தவற்றை அலமாரிக்கும், அலமாரியில் இருந்தவற்றைப் பரணுக்கும் மாற்றினேன். அவளுடைய உடைந்த கிரேயான்களை எறிய மனம் வராமல் ஒரு டப்பாவில் போட்டு மூடினேன். வேலை முடிந்து உட்கார்ந்தபோது, பக்கத்து வீட்டுத் தறிச்சத்தம் முன்னைவிடப் பலமாகக் கேட்பதுபோல் இருந்தது.

அரைப்பரீட்சை விடுமுறைக்கு நானே போய் அவளைக் கூட்டிவந்தேன். செருப்பை வாசலில் ஜோடியாக விட்டாள். உள்ளே வந்து சுற்றிலும் பார்த்தாள்.

"நீட்டா இருக்குதுங்கப்பா."

நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, விருந்துக்கு வந்த பிள்ளை மாதிரி, மெதுவாகக் கேட்டாள்.

"தண்ணி குடிக்கோணும். டம்ளர் எங்கீங்கப்பா இருக்குது?"

எழுந்தேன். எங்கே மாற்றி வைத்தேன் என்று எனக்கும் நினைவு வரவில்லை. இருவருமாக அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து தேடினோம்.