சுடாத மானுக்குப் பங்கு

மான் உயிரோடு சதுப்பு ஓரத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்தது. அதற்குள் பின்தொடை ஒரு வீட்டுக்கு, ஈரல் இன்னொரு வீட்டுக்கு என்று எங்கள் சொந்தக்காரரின் வாட்ஸ்அப் குழுவில் பங்கு பிரித்து முடித்துவிட்டார்கள். பிரித்தவர் என் அண்ணா. அந்த மானைக் கோடை முழுக்கத் தேடிப் பார்த்து வைத்தவள் நான். இதை எழுத உட்காரும்போதுகூடப் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது.

மெல்பேர்னில், டண்டினோங் பக்கம் இருக்கிறேன். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. விவாகரத்து முடிந்து வீட்டுக்குள்ளேயே கிடந்த காலத்தில், கூட வேலை செய்த ஒருத்தி மான் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பிடித்துப்போயிற்று. லைசென்ஸ் எடுத்தேன், துவக்கு வாங்கினேன். எங்கள் ஆட்களுக்கு அது தொண்டையில் மீன்முள் மாதிரி இருந்தது. "பொம்பிளைக்கு ஏன் துவக்கு? ஆக்கள் என்ன கதைப்பினம்?" என்று அண்ணா முகத்துக்கு நேரேயே கேட்டார். ஆட்கள் என்னத்தைக் கதைத்தார்களோ தெரியாது. நான் கொண்டுவந்து கொடுத்த இறைச்சியை மட்டும் ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கிப்ஸ்லாந்துக் கடற்கரைப் பக்கத்துச் சதுப்புகளில் பன்றிமான் இருக்கிறது. ஆட்டுக் கிடாயைவிடக் கொஞ்சம் பெரிது. பன்றி மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு புதருக்குள் ஓடும். வேலி வந்தால் பாயாது, அடியால் நுழைந்து போகும். அதைச் சுட ஏப்ரல் மாதம் மட்டும்தான் அனுமதி. ஏப்ரலில் போய் நின்றுகொண்டு மானைத் தேடினால் நுளம்புக்கடிதான் மிச்சம். எது எந்த வழியால் வருகிறது, எந்தக் கிடா முற்றினது, எது இன்னும் ஓரிரண்டு வருடம் வளரவேண்டியது என்று, மார்கழி, தையில் வரும் இங்கத்தைக் கோடையிலேயே கமரா கட்டிப் பார்த்து வைக்கவேண்டும்.

அதற்கு முதலில் யாராவது தங்கள் நிலத்துக்குள் விடவேண்டும். பண்ணை பண்ணையாகப் போய்க் கேட்டேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர் நான் கோயிலுக்கு நன்கொடை சேர்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார். கடைசியில் பால்மாடு வளர்க்கும் ஒரு பண்ணைக்காரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வேலி கட்ட உதவி செய்வாயா என்று கேட்டாள். இரண்டு குளிர்காலம் அவளோடு நின்று வேலி கட்டினேன். அதன்பிறகுதான் பண்ணை வாசல் கதவின் சாவியைத் தந்தாள். "கதவைப் பூட்டிவிட்டுப் போ. வேறு யாரையும் கூட்டி வராதே. நிலத்தில் எதையும் போட்டுவிட்டுப் போகாதே," என்றாள். அவ்வளவுதான் அவளுடைய சட்டம். எனக்கு என் பட்டச் சான்றிதழைவிட அந்தச் சாவி பெரிது.

கமரா கட்டுவதிலும் முதலில் முட்டாள்தனம்தான். அமெரிக்கக்காரன் ஒருவனுடைய வீடியோவைப் பார்த்து வடக்கே பார்க்கக் கட்டினேன். இங்கே சூரியன் வடக்குப் பக்கம்தானே நிற்கிறது. ஒரு மாதப் படம் முழுக்க வெள்ளை வெளேர். பிறகு தெற்கே திருப்பி, முழங்கால் உயரத்துக்கு இறக்கி, முன்னால் ஆடும் புல்லை எல்லாம் வெட்டிவிட்டேன். வளை தோண்டும் வொம்பாட் என்ற குண்டுப் பிராணியின் பின்பக்கத்தைத்தான் அதிகம் பார்த்தேன். கங்காரு வந்து கமராவுக்குள் மூக்கை விட்டது. மாசி மாதம் ஒரு விடியற்காலை, வேலிக்கடியால் அந்தக் கிடா வந்தது.

கழுத்துக்கும் தோளுக்கும் வித்தியாசம் இல்லாத தடிப்பு. வயிறு தொங்கிக் கால்கள் கட்டையாகத் தெரிந்தன. கொம்பு அடியில் என் மணிக்கட்டு அளவு இருக்கும். கிழட்டுக் கிடா. இந்த ஏப்ரல் இல்லாவிட்டால் அடுத்த ஏப்ரலுக்கு இருக்குமோ தெரியாது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஆய்வுகூடத்தில் தனியே நின்று சிரித்தேன்.

பிழை எங்கே தொடங்கியது என்றால், அண்ணாவின் மகளின் பிறந்தநாளுக்குப் போன இடத்தில் அந்தப் படத்தை அண்ணிக்குக் காட்டினேன். "எனக்கும் அனுப்பன்," என்றார். அனுப்பினேன். வீட்டுக்குப் போய்ச் சேர முன்னமே அது குழுவில் வந்துவிட்டது. கீழே அண்ணா எழுதியிருந்தார்: "நாங்கள் பாத்து வச்சிருக்கிற மான். நாலாம் மாதம் பங்கு. தேவையானவை சொல்லுங்கோ."

நாங்கள்!

பங்கு இறைச்சி எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை. நாலு வீடு சேர்ந்து ஒரு ஆட்டைப் பிடித்து, வெட்டி, எலும்பும் ஈரலும் எல்லோருக்கும் வருகிறமாதிரிப் பிரிப்பது. நல்ல பழக்கம். ஆனால் அதற்கு ஆடு உங்களுடையதாக இருக்கவேண்டும். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதற்குப் பெயர் பங்கு இல்லை. போன் எடுத்து ஏசினேன். "உனக்கும் ஒரு பங்கு இருக்குத்தானே, ஏன் கத்துறாய்?" என்றார் அண்ணா. என் மானில் எனக்கு ஒரு பங்கு!

சரி, வாய்ப்பேச்சுத்தானே, போகட்டும் என்று விட்டேன். சீசனுக்குச் சில வாரம் முந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலையில் நிற்கிறேன், போனில் படம் வந்து விழுகிறது. அந்தக் கமரா படத்தை உடனே போனுக்கு அனுப்பும் வகை. பட்டப்பகலில் மான் வராதே என்று எடுத்துப் பார்த்தேன். என் அண்ணாவின் முகம். கமராவுக்குக் கிட்ட வந்து பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் அவருடைய சிநேகிதர்கள் இரண்டு பேர், தொப்பியும் கூலிங் கிளாஸும். என் கார் கராஜில் கிடந்தபோது ஒரே ஒருநாள் அவர்தான் என்னை அங்கே கொண்டுபோய் விட்டவர். அந்த வழியை ஞாபகம் வைத்து, பூட்டிய கதவால் ஏறி விழுந்து, 'தன்' மானை ஆட்களுக்குக் காட்ட வந்திருக்கிறார்.

அடுத்த படத்தில் பெரிய அலுமினியத் தட்டு. அதற்கடுத்ததில் அதை வேலிக்கடியில் கவிழ்க்கிறார். புரியாணி. முதல்நாள் யாரோ வீட்டு விருந்தில் மிஞ்சின ஆட்டிறைச்சிப் புரியாணி. எலும்பு வடிவாகத் தெரிகிறது. மான் வந்து சாப்பிடுமாம்!

அந்த வேலிக்கு மற்றப் பக்கம் பண்ணைக்காரியின் கிடேரிகள் மேய்கின்றன. பைத்தியமாட்டு நோய்க்குப் பயந்து, இந்த நாட்டில் மாட்டுக்கு இறைச்சி கலந்த எதையும் கொடுக்கக்கூடாது என்று சட்டம். அது விளையாட்டில்லை, பண்ணையே நாறிப்போகும். உடனே அண்ணாவுக்கு போன் அடித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. அடித்துக்கொண்டிருக்கும்போதே கமரா அடுத்த படத்தை அனுப்பியது. அண்ணா போனைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். அடுத்த படத்தில் பொக்கற்றுக்குள் வைக்கிறார்.

என் பெயரைப் பார்த்துவிட்டு வைக்கிறார். அதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் ஒரு கிடேரி வேலிக்குள்ளால் தலையை நீட்டியது. மூக்கெல்லாம் மஞ்சள் சோறு. சொல்லாமல் விட்டால் பண்ணைக்காரிக்குத் தெரியவராது. அடுத்தமுறை போய்த் தட்டைப் பொறுக்கி எறிந்துவிட்டு, ஏப்ரலில் என் கிடாவைச் சுட்டுக்கொண்டு வரலாம். அந்த யோசனை வந்தது, வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் எந்தப் பொருளால் என்ன கேடு வரும் என்று பார்ப்பதுதான் என் தொழிலே. அவளுடைய நம்பரை அழுத்தினேன்.

வேலை முடிந்து அங்கே போய்ச் சேர்ந்தபோது கிடேரிகளைத் தனியே அடைத்துவிட்டு மிருக வைத்தியருக்காகக் காத்து நின்றாள். தட்டு அவளுடைய யூட் வண்டியின் பின்பக்கம் கிடந்தது. படங்களைக் காட்டினேன்.

"இந்த ஆளைத் தெரியுமா?"

"என் அண்ணா."

போனை என்னிடம் திருப்பித் தந்தாள். "சொன்னதுக்கு நன்றி. மற்றவர்கள் என்றால் சொல்லியிருக்கமாட்டார்கள்," என்றாள். பிறகு கையை நீட்டினாள். சாவிக்கு. அவள் ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். கமராக்களைக் கழற்றிக்கொண்டு, கதவுக்கு வெளியே வந்து, அவள் பூட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நேரே அண்ணா வீட்டுக்குப் போனேன். குசினிக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். சாவி போன கதையைச் சொல்லிவிட்டு, புரியாணியை ஏன் அங்கே கொட்டினீர்கள் என்று கேட்டேன்.

"சாப்பாட்டைக் குப்பையில கொட்டுறதை விட வாயில்லாச் சீவனுக்குப் போட்டாப் புண்ணியந்தானே?"

"மாட்டுக்கு ஆட்டெலும்பு போட்டிருக்கிறியள்."

"நான் மானுக்குத்தான் போட்டனான். மாடு வந்து தின்னுமெண்டு ஆருக்குத் தெரியும்?"

"மான் மட்டும் புரியாணி தின்னுமோ? சரி, நான் அடிச்ச போனை ஏன் எடுக்கேல்லை?"

"அங்க சிக்னல் இல்லையடி."

சிக்னல் இல்லையாம். அவர் பொய் சொல்லும் அந்த முகத்தின் படமே அந்தச் சிக்னலில்தான் எனக்கு வந்தது. "ஒரு மானுக்காகவே கூடப்பிறந்ததோட சண்டை பிடிக்கிறது?" என்று அண்ணி கேட்டார். மானுக்காக இல்லை என்று சொல்லத் தொடங்கினேன். இரண்டு குளிர்காலம், வேலி, அந்த மனுசி என்னை நம்பினது, இதில் எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. அழுதுவிடுவேன் என்ற பயத்தில் எழும்பி வந்துவிட்டேன்.

ஏப்ரல் முதலாம் நாள் காலை நான் வீட்டில் இருந்தேன். துவக்கு அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. குழுவில் ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினார்கள். "மான் என்ன மாதிரி?" "எங்கட பங்கை மறந்திடாதேங்கோ." அண்ணா எழுதினார்: "தங்கச்சி வேட்டைக்குப் போட்டா. பின்னேரத்துக்கிடையில வந்திடும்."

எனக்குச் சாவி இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதினார்.

கமராப் படங்களை எடுத்து வரிசையாகக் குழுவில் போட்டேன். தட்டைக் கவிழ்ப்பது, போனைப் பார்ப்பது, பொக்கற்றுக்குள் வைப்பது, மஞ்சள் மூக்கோடு கிடேரி. கீழே எழுதினேன்: "மானைப் பாத்து வச்சவர் இவர்தான். பங்கை இவரிட்டையே கேளுங்கோ."

உடனே என் போன் அடித்தது. அண்ணா.

போனைக் கையில் எடுத்து அவருடைய பெயரை வடிவாகப் பார்த்தேன். பிறகு போனைப் பொக்கற்றுக்குள் வைத்தேன்.