விருந்து நாட்களின் வலி

என் தங்கைகள் சேலத்திலிருந்து பஸ் ஏறி ஏற்காட்டுக்கு வரும்போதெல்லாம் என் மனைவிக்கு வயிற்று வலி வரும். கறிக்குழம்பும் நெய்ச்சோறும் ஆக்கிப் பரிமாறி, கடைசியில் தானும் சாப்பிட்டு எழுந்த சிறிது நேரத்தில், வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு சுருண்டுவிடுவாள்.

"நாங்க மலை ஏறுனாப் போதும், அண்ணிக்கு வலியும் கூடவே ஏறி வந்துரும்" என்பாள் சின்னத் தங்கை. நானும் சிரிப்பேன். சிரித்ததோடு நிற்கவில்லை. அவர்கள் போன பிறகு, "நல்லா நடிக்கறே" என்பேன். பல வருடம் சொல்லியிருக்கிறேன். நான் பள்ளியில் உயிரியல் நடத்தியவன். ஈரலுக்கு அடியில் பித்தப்பையை எத்தனையோ முறை கரும்பலகையில் வரைந்தவன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு பொங்கல் கழிந்த கரிநாள் விருந்துக்குப் பிறகு வலி அடங்கவே இல்லை. காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்துகொண்டன. ஊரிலிருந்த சிறிய ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கொண்டுபோனேன். அவளால் எழுந்து நிற்க முடியவில்லை என்பதால், டாக்டரம்மா ஸ்கேன் மிஷினையே கட்டிலருகே தள்ளிக்கொண்டு வந்தார். வயிற்றில் பசையைத் தடவி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, கருவியை விலாவுக்கு அடியில் அழுத்தினார்.

"இங்க வலிக்குதுங்களா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். "இல்லீங்க."

"வாத்தியாரே, கொஞ்சம் வெளிய இருங்க" என்றார் டாக்டரம்மா. திரைக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். பேச்சு கேட்டது.

"இப்பச் சொல்லுங்க. படம் மட்டும் பத்தாது. வலி எங்கேன்னு நீங்க சொன்னாத்தான் முடிவு பண்ண முடியும்."

"அழுத்துனீங்களே, அங்கதானுங்க. உசுரு போவுது."

"பின்ன ஏன் இல்லைன்னீங்க?"

"நாத்தனாருங்க ஊட்ல இருக்காங்க. நடிக்கறேன்னு சொல்லுவாருங்க."

பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார். மிஷின் திரையில் பித்தப்பை கறுப்பாகத் தெரிந்தது. அதற்குள் வெள்ளையாகக் கற்கள், அவற்றின் பின்னால் நிழல். சுவர் தடித்து வீங்கியிருந்தது.

"நெய்யும் எண்ணெயும் உள்ள போனா இந்தப் பை சுருங்கும். அப்பக் கல்லு அதோட வாயில அடைச்சுக்கும். விருந்தன்னிக்கு வலி வராம என்ன பண்ணும்? இன்னிக்கே சேலம் போயி ஆபரேஷன் பண்ணிருங்க. விட்டா ஓட்டை விழுந்துரும்."

என் மனைவிதான் கேட்டாள்: "கல்லு இருக்குதுங்களா? நெசமாவே தெரியுதுங்களா?"

டாக்டரம்மா திரையை அவள் பக்கம் திருப்பினார். வெகுநேரம் பார்த்தாள். அத்தனை வலிக்கு நடுவிலும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதைப் பார்த்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சேலத்தில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவள் கண் விழித்ததும் மன்னிப்புக் கேட்டேன்.

"செரி உடுங்க. அந்தக் கல்லைக் குடுப்பாங்களான்னு கேளுங்க. உங்க தங்கச்சிகளுக்குக் காட்டோணும்" என்றாள்.

அந்த மிஷினுக்கு நான் நன்றியுள்ளவன். அதைவிட, என்னை வெளியே அனுப்பியதற்காக டாக்டரம்மாவுக்கு. நான் அங்கேயே நின்றிருந்தால் அவள் இரண்டாவது முறையும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.