பெரியப்பா கண்ணை மூடிய கதை

எங்கள் பெரியப்பா நம்பிய மனிதர் என்று ஒருவரைக்கூட என்னால் சொல்ல முடியாது. பால்காரர் ஊற்றிய பாலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ரேஷன் கடையில் தராசைப் பார்க்காமல், நிறுப்பவரின் முகத்தைப் பார்ப்பார். ஏதாவது பொருள் காணாமல் போனால் முதலில் சொந்தக்காரன் வீட்டில் தேடு என்பது அவர் கொள்கை. சொந்தக்காரர்களான நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டேதான் அவர் வீட்டில் சாப்பிட்டோம்.

அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் நெஞ்சுவலி வந்தது. உத்திரமேரூரில் ஊசி போட்டு, செங்கல்பட்டுக்கு அனுப்பி, எப்படியோ பிழைக்க வைத்தார்கள். திரும்பும்போது பை நிறைய மாத்திரையோடு டாக்டரம்மா ஒரு யோசனையும் கொடுத்தார். காலையில் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்து, மூச்சு வருவதையும் போவதையும் கவனிக்க வேண்டும். மனசு அடங்கினால் ரத்தக் கொதிப்பு அடங்கவும் உதவும். “மாத்திரைக்குப் பதிலா இல்லைங்க பெரியவரே, மாத்திரையோட சேர்த்து” என்று அழுத்திச் சொன்னார்.

பெரியப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “மருந்துலயே வேல ஆவும்னா கண்ண மூடச் சொல்லுவாங்களா? இதுல இன்னாவோ கீது” என்று எங்கள் சாலவாக்கம் வரும்வரை பஸ்ஸில் புலம்பிக்கொண்டே வந்தாராம். “உன் சொத்தையா எழுதிக் கேட்டாங்க? மூச்சத்தான பாக்கச் சொன்னாங்க” என்று பெரியம்மாதான் அவர் வாயை அடைத்தாள்.

கழனியில் இருந்த மோட்டார் கொட்டகை வாசலில் உட்காருவது என்று முடிவானது. ஆனால் கண்ணை மூடினால் மோட்டார் வயரை அறுத்துக்கொண்டு போய்விடுவார்களே! செம்புக் கம்பிக்காக அப்போது எங்கள் பக்கம் வயர் திருட்டு சாதாரணம். அதனால் கோடை விடுமுறையில் வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்த தம்பி மகளான என்னைக் காவலுக்குக் கூட்டிப்போனார்.

“மோட்டார் மேல ஒரு கண்ணு, எம்மேல ஒரு கண்ணு வெச்சிக்கினு இரு பாப்பா. என் தல சாஞ்சிச்சின்னா உடனே உலுக்கி எய்ப்பிடு.”

தூங்கிவிட்டால் டாக்டரம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறார் போல என்று நான் நினைத்துக்கொண்டேன். முதலில் ஒரு கண்ணைத்தான் மூடினார். மற்றது பரீட்சை மேற்பார்வைக்கு வந்த வாத்தியார் போல வரப்பையே சுற்றிக்கொண்டிருந்தது. போகப்போக இரண்டும் மூடின. முகத்தில் எப்போதும் இருக்கும் கடுகடுப்பு கொஞ்சம் இறங்கியது. பெரியம்மாவிடம் எரிந்து விழுவதுகூடக் குறைந்தது. மாத்திரையும் தவறாமல் போட்டுக்கொண்டார்.

கெடுதல் ஒரு அண்டா வடிவத்தில் வந்தது. பக்கத்துக் கழனியில் களையெடுக்க வந்த ஒரு அம்மா, நெற்றி நிறையத் திருநீற்றோடு அசையாமல் உட்கார்ந்திருந்த பெரியப்பாவைப் பார்த்துவிட்டு, எதிரே வந்து கை கூப்பி நின்றாள். எங்கள் ஊரில் கண்ணை மூடி அசையாமல் இருந்தால் ஒன்று தூக்கம், இல்லையென்றால் சாமி. “நைனா, எங்கூட்டு அண்டா காணோம். எங்க கீதுன்னு சொல்லு நைனா.”

தொந்தரவு விட்டால் போதும் என்று பெரியப்பா கண்ணைத் திறக்காமலேயே, “உன் தம்பி வூட்ல போய்ப் பாரு” என்றார். அண்டா அங்கேதான் இருந்தது. ஆயுசு முழுக்க அவர் சொல்லிவந்த சந்தேகம் அன்றைக்கு அருள்வாக்கு ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் கூட்டம். எலுமிச்சம்பழம், கற்பூரம், வேப்பிலை. எல்லோருக்கும் அவர் சொன்னது கிட்டத்தட்ட ஒரே பதில்தான். அவரவர் சொந்தக்காரரைக் கைகாட்டினார். பல நேரம் பலித்தது. அண்டாக்கார அம்மா ஒருநாள், “அம்மா எறங்குற ஒடம்புக்கு இங்கிலீஷ் மருந்து ஆவாது நைனா” என்றாள். ஊரையே சந்தேகப்பட்டவர், தன்னைக் கும்பிட்டவர்களைச் சந்தேகப்பட மறந்துவிட்டார். மாத்திரையை நிறுத்தினார். பெரியம்மா அழுதாள், சண்டை போட்டாள், இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தாள். “கண்ண மூடச் சொன்னது டாக்டரம்மாதான? அதுவே போதும்” என்று அவள் வாயை அவர் அடைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கூட்டத்துக்கு நடுவே பெரியப்பாவின் தலை சாய்ந்தது. உடம்பு லேசாக நடுங்கியது. “வந்துட்டா! அம்மா வந்துட்டா!” என்று கத்தினார்கள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். எனக்குக் கொடுத்த வேலை எனக்கு ஞாபகம் இருந்தது. ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்கினேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கை ஜில்லென்று இருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. அவ்வளவு பயம் நான் அதற்குமுன் பட்டதில்லை. “சாமி மேல கை வெக்காத” என்று அண்டாக்கார அம்மா என்னை இழுத்தாள். அவள் கையைக் கடித்துவிட்டு, பெரியம்மாவைக் கூப்பிட்டு அலறிக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. இந்த முறையும் பிழைத்தார். டாக்டரம்மா கோபத்தை அடக்கிக்கொண்டு, “கண்ணை மூடினது தப்பில்ல. மாத்திரைய விட்டதுதான் தப்பு. ரெண்டும் வேணும்” என்றார். அவர் போன பிறகு பெரியப்பா பெரியம்மாவிடம் மெல்லச் சொன்னது கட்டில் ஓரத்தில் நின்ற என் காதிலும் விழுந்தது. “மொத தபா வலி வந்தப்பவும் கண்ண மூடிக்கினுதான் படுத்திருந்தேன். அதுலேர்ந்து மூடும்போதெல்லாம், தெறக்குமான்னு கீது.” பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் அவர்கள் ஆஸ்பத்திரிக் கதவைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரை மறுபடி தொடங்கியது. கண்ணை மூடுவதும்தான், ஆனால் கூடத்தில், வாசல் கதவைத் தாழிட்டுக்கொண்டு. அப்போதும் என்னைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

“இங்கதான் மோட்டார் இல்லியே பெரியப்பா, நான் எதுக்கு?”

“நீ சும்மா குந்து” என்றார்.

கண்ணை மூடுமுன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்ப்பார். திறந்ததும் முதலில் என்னைத்தான் பார்ப்பார். எனக்கு ரோஷமாக இருந்தது. கைக்கெட்டும் அலமாரியில் பெரியம்மா வைத்திருந்த முறுக்கு டப்பா இருந்தது. சொந்தக்காரியான என் மேல்தான் சந்தேகம் என்று முடிவு செய்துவிட்டேன். அதனால் அவர் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க, கண்ணைத் திறந்ததும் தெரியட்டும் என்று, இரண்டு கைகளையும் மடிமேல் விரித்து வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.