ஜோதிலட்சுமி அக்காவின் வயிற்றில் குடியிருந்தவர்கள்

சிட்லபாக்கம் ஏரிக்குப் போகிற தெருமுனையில், டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் ஜோதிலட்சுமி அக்கா மீன் விற்றார். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து நான்கைந்து பெண்கள் சேர்ந்து ஒரு லோடு ஆட்டோ பிடித்து வருவார்கள். ஆளுக்கொரு தெருவில் இறங்கிக்கொள்வார்கள். அக்கா இறங்கினால் ஆட்டோ ஒரு சாண் மேலே எழும்பும். அதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

"நான் குந்திகினு வந்தாத்தான் வண்டி ரோட்ல ஓடும். இல்லாங்காட்டி பறந்துடும்."

நான் அப்போது தாம்பரத்தில் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தமும் சிறுநீரும் பார்க்கிற வேலையில் இருந்தேன். நுண்ணுயிரியல் பட்டதாரி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்பதால், அது என்ன படிப்பு என்று யார் கேட்டாலும் நின்று நிதானமாக விளக்கம் சொல்வேன். அக்காவிடமும் சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைப் பற்றிய படிப்பு என்றதும், சங்கரா மீனைச் செதில் சீவிக்கொண்டே கேட்டார்: "கண்ணுக்கே தெர்யாதத வச்சிகினு இன்னா யாவாரம் பண்ணுவ?" அன்றிலிருந்து நான் அவருக்குப் பூச்சி டாக்டர்.

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவருடைய தம்பி அருண்ராஜுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. நாவலூர் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். முகம் வீங்கி, மூச்சு வாங்கி, படுக்கையில் விழுந்தார். வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு போனது. தாய் தகப்பன் இல்லை. அக்கா யாரையும் கேட்கவில்லை. நேராக டாக்டரிடம் போய், "என்கிட்ட ரெண்டு கீதுல்ல, ஒண்ண எடுத்து அவனுக்கு வைங்க" என்றாராம்.

சிறுநீரக மருத்துவர் வேதசிரோமணி நிதானமான மனிதர். ரத்தப் பிரிவு சேர்ந்தது, மற்றப் பொருத்தங்களும் சேர்ந்தன. தடையாக நின்றது எடைதான். இந்த உடம்போடு கத்தி வைத்தால் அக்காவுக்கு ஆபத்து. பத்து கிலோ குறைத்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

தாம்பரம் ஸ்டேஷனில் விளக்கு மின்னும் எடை இயந்திரம் உண்டல்லவா, காசு போட்டால் அட்டை விழுமே, அக்கா அதில் ஏறி ஏறி இறங்கினார். அட்டையின் ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ராசி பலன். "எட அப்டியே கீது. பலன் மட்டும் நல்லா போட்டுகீறான், வெளிநாட்டு யோகமாம்" என்று என்னிடம் காட்டினார். ராத்திரிச் சோற்றை விட்டார். வாரங்கள் ஓடின. அட்டையில் எண் அசையவில்லை. தம்பியோ கருத்து ஒடுங்கிக்கொண்டே வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் சாவித்ரி மாமி ஒரு மாத்திரை அட்டையைக் கொடுத்தார். மாமி அந்தத் தெருவில் பெரிய வீடு. மீன் சாப்பிட மாட்டார், ஆனால் அக்கா கைகால் கழுவ வீட்டுப் பின்புறக் குழாயைத் திறந்து விட்டிருந்தவர். அமெரிக்காவிலிருந்து மகள் வாங்கி வந்த மாத்திரை. சாப்பாட்டில் இருக்கும் கொழுப்பை உடம்பில் ஒட்டவிடாமல் வெளியே தள்ளிவிடும். மாமி ஒரு வாரம் போட்டுவிட்டு நிறுத்தியிருந்தார். ஏன் நிறுத்தினார் என்பதை மட்டும் சொல்லவில்லை. "எனக்கு ஒத்துக்கல, உனக்கு ஒத்துக்கும்" என்றாராம். அதைச் சொல்ல எந்தப் பெண்ணுக்குத்தான் வாய் வரும்?

அக்காவுக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. மீன் வறுவல் தின்ற அன்று, உட்கார்ந்த பலகையிலிருந்து எழுந்தபோது புடவையில் மஞ்சளாய் எண்ணெய்க் கறை. தெருவில் நாள் முழுக்க உட்கார்ந்து வியாபாரம் செய்கிற பெண்ணுக்கு இதைவிடப் பெரிய பேஜார் இல்லை. ஆனால் எடை அட்டையில் எண் இறங்க ஆரம்பித்திருந்தது. மாத்திரையை விட மனமில்லை. வயிற்றால் போகிறது என்று நினைத்து, மெடிக்கலில் "வயித்த நிறுத்தற மாத்திரை" கேட்டு வாங்கிப் போட்டார். கடைக்காரர் கொடுத்தது கிருமிக்கொல்லி. கறை வந்த போதெல்லாம் அதையும் போட்டார்.

அதோடு ஒரு சூட்சுமமும் கண்டுபிடித்தார். எண்ணெய் சேர்க்காவிட்டால் கறை இல்லை. பக்கத்தில் கீரை விற்கும் முத்தாலம்மாளிடம் விற்காத மீனைக் கொடுத்துவிட்டு விற்காத கீரையை வாங்கிக்கொள்வது அவர்களுக்குள் வெகுநாள் வழக்கம். இப்போது மூன்று வேளையும் அந்தக் கீரைதான். பசலையும் சிறுகீரையும் அவித்து உப்புப் போட்டுத் தின்றார். பாலில் கொழுப்பு என்று பாலை விட்டார். பாலில்லாத டீயாகக் குடித்துத் தள்ளினார். எட்டு கிலோ இறங்கியது. லோடு ஆட்டோ ஓட்டுநர், "இன்னாக்கா, வண்டி இன்னும் பறக்கலியே" என்று கிண்டல் செய்தாராம்.

இதெதுவும் எனக்கு அப்போது தெரியாது. டாக்டரைப் பார்க்கும் முன் பரிசோதனைக்காக எங்கள் இடத்துக்கு வந்தார். சிறுநீர்ப் புட்டியைப் புடவைத் தலைப்பால் மூடி நீட்டி, "பூச்சி டாக்டரு, நல்லா கீதுன்னு எழுதிடு" என்றார்.

மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தவன் அப்படியே இருந்துவிட்டேன். தபால் உறை மாதிரி, நடுவில் குறுக்கே இரண்டு கோடு போட்ட படிகங்கள். ஒன்றிரண்டு எல்லோருக்கும் இருக்கும். இங்கே வைரக்கல்லை வாரி இறைத்த மாதிரி வட்டம் முழுக்க மின்னின. ஆக்சலேட் உப்பு. இன்னொரு சொட்டு எடுத்து வைத்துப் பார்த்தேன், அதுவும் அப்படியே. ரத்தத்திலும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு கொஞ்சம் ஏறியிருந்தது. முந்தைய பரிசோதனையில் சுத்தமாக இருந்தவர்.

"அக்கா, ஏதாவது மருந்து மாத்திரை சாப்பிடறீங்களா?"

"சே சே. கீரதான்."

"உள்ளபடி சொல்லுங்க."

"கீரன்னா கீரதான். நீ போலீஸா?" என்றவர், போகும்போது திரும்பினார். "நாளைக்கு நீயும் ஆஸ்பத்திரிக்கு வா தம்பி. அந்த டாக்டரு நடுவுல நடுவுல இங்கிலீஷ்ல பூந்துடறாரு."

டாக்டர் வேதசிரோமணி காகிதத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"எடை குறைச்சிட்டீங்க, ரொம்ப நல்லது. எப்படிக் குறைச்சீங்க?"

"கீரை சார். நடை."

"வயிறு எப்படி இருக்கு?"

அக்கா என் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். "குந்து" என்று மட்டும் சொன்னார்.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க ஏதோ மறைக்கிறீங்கன்னு நான் கோபப்படல. ஆனா உங்க கிட்னிக்கே இப்ப ஆபத்து வருது. இப்படியே விட்டா, எடுத்து உங்க தம்பிக்கு வச்சாலும் அது கெட்டுப்போன கிட்னியாத்தான் இருக்கும்."

அந்த ஒரு சொல் அக்காவை அசைத்துவிட்டது. இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, உள்ளேயிருந்த இரண்டு அட்டைகளையும் மேசைமேல் வைத்தார். கொழுப்பு மாத்திரை ஒன்று, வயிற்று மாத்திரை ஒன்று.

"சொன்னா என்ன வேணாம்னுடுவீங்கன்னு பயந்துகினு இருந்தேன் சார். கெட்டுப்போன மீன நான் ஒருத்தருக்கும் குடுத்ததில்ல. எங் கூடப்பொறந்தவனுக்கா குடுப்பேன்?"

அதன்பிறகு டாக்டர் ஒரு வெற்றுத் தாளில் குடலை வரைந்து சொன்னதை நான் இன்றைக்கும் அப்படியே சொல்வேன். கீரையிலும் டீயிலும் ஆக்சலேட் இருக்கிறது. சாதாரணமாக அது குடலிலேயே சுண்ணாம்புச் சத்தோடு கைகோத்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். இந்த மாத்திரை போட்டால் செரிக்காத கொழுப்பு குடலில் மிதக்கும். அந்தக் கொழுப்பு சுண்ணாம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஜோடி பிரிந்த ஆக்சலேட் ரத்தத்தில் ஏறி, சிறுநீரகத்தில் போய்ப் படிகமாக உட்காரும். பாலையும் விட்டதால் இருந்த சுண்ணாம்பும் குறைந்துபோனது.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார். "நம்ம பெருங்குடல்ல ஒரு பாக்டீரியா இருக்கு. அதுக்கு சாப்பாடே இந்த ஆக்சலேட்தான். வேற எதையும் தொடாது. அது பாட்டுக்குத் தின்னு நம்ம பாரத்தைக் குறைக்கும். நீங்க வயித்து மாத்திரை போட்டீங்களே, அது எண்ணெய் போறதை நிறுத்தாது. அந்த பாக்டீரியாவைத்தான் கொன்னிருக்கும்."

நான் மூன்று வருடம் அதைப் படித்துப் பரீட்சை எழுதியவன். ஒரு சிட்டிகை மலத்தில் இந்திய ஜனத்தொகையைவிட அதிகமான உயிர்கள் என்று மனப்பாடமாக எழுதி மதிப்பெண் வாங்கியவன். அது வெறும் எண்ணாக இருந்தது. அந்த அறையில்தான் உயிராக ஆனது. கோவளத்து மீன்காரப் பெண்ணின் வயிற்றுக்குள் ஒரு ஊரே குடித்தனம் நடத்துகிறது. அதில் ஒரு ஜாதி உயிர் அவர் தின்கிற கீரையின் விஷத்தை மட்டும் தின்று பிழைக்கிறது. அவருக்கு அதைத் தெரியாது, அதற்கு அவரைத் தெரியாது. ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு நாற்பது வருடமாக ஒரே உடம்பில் இருந்திருக்கிறார்கள். எனக்குக் கை கூப்பவேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கூப்புவது என்றுதான் தெரியவில்லை.

அக்கா கேட்ட கேள்வி வேறு. "அதுங்க திரும்பி வருமா சார்?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நேர்மையாச் சொல்லணும்னா, எனக்குத் தெரியாது. வரலாம், வராமலும் போகலாம். அவங்களப் பத்தி உலகமே இப்பத்தான் படிக்க ஆரம்பிச்சிருக்கு. மாத்திரை ரெண்டையும் நிறுத்துங்க. தண்ணி நிறைய குடிங்க. மோர், பால், முள்ளோட சின்ன மீன் சாப்பிடுங்க. கீரையைக் கொஞ்ச நாள் தள்ளி வைங்க. அப்புறம் பார்ப்போம்."

"ஆப்பரேசனு?"

"யூரின் சுத்தமாகட்டும்."

வெளியே வந்ததும் அக்கா என்னைக் கேட்டார்: "கண்ணுக்குத் தெர்யாததுன்னு சொன்னியே, அதுதானா இது?" தலையாட்டினேன். "நல்ல ஜனங்க போல. நான்தான் மருந்து வச்சிக் கொன்னுட்டேன்" என்றார்.

எடை மறுபடி ஏறத்தான் செய்தது. லோடு ஆட்டோவில் சிட்லபாக்கம் வரை வராமல் இரும்புலியூரிலேயே இறங்கி, கூடையோடு நடந்து வர ஆரம்பித்தார். சாயங்காலம் ஏரிக்கரையில் பென்ஷன்காரர்களோடு நடை. "பெரியவரே, ஓரமா போங்க, லாரி வருது" என்று அவர்களைத் தாண்டிப் போவார். முத்தாலம்மாளிடம் கீரை வாங்குவதை நிறுத்தியதில் அந்த அம்மாளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். மீனைச் சும்மாவே கொடுத்துச் சரிக்கட்டினார். மதியம் அவர் தூக்குச்சட்டியைத் திறந்தால் நெத்திலி குழம்பு வாசனை மறுபடி வந்தது. அருண்ராஜ் அந்த மாதங்களில் இரண்டு முறை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்த் திரும்பினார். ஒவ்வொரு முறையும் அக்கா என்னிடம் வந்து கேட்பது ஒன்றுதான்: "இப்ப எடுத்துப் பாக்கலாமா?"

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில் பார்த்தேன். கண்ணாடித் தகடு முழுக்கத் தேடினேன். படிகம் ஒன்று அங்கே, ஒன்று இங்கே, எல்லோருக்கும் இருப்பது போல. ரத்தத்தில் கிரியேட்டினின் அளவும் பழைய இடத்துக்கு வந்திருந்தது. கிருமிகள் திரும்பினவா, மாத்திரை நின்றதாலேயே சரியானதா, யாராலும் சொல்ல முடியாது. எடை டாக்டர் கேட்டதைவிட இன்னும் கொஞ்சம் அதிகம்தான். அவர் அக்காவைத் தராசில் நிறுத்தி, யோசித்து, "போதும்" என்றார்.

அறுவை சிகிச்சை முடிந்த நான்காம் நாள் பார்க்கப் போனேன். அக்கா விலாவைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தார். தம்பியை வைத்திருந்த அறைக்குள் யாரையும் விடமாட்டார்கள். கண்ணாடி வழியாகத்தான் பார்க்கவேண்டும். மாதக்கணக்கில் ஒரு சொட்டுச் சிறுநீர் பிரியாமல் கிடந்தவர் அருண்ராஜ். உள்ளே இருந்த நர்ஸ் அக்காவைப் பார்த்ததும், கட்டிலோரம் தொங்கிய பையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். முக்கால்வாசி நிரம்பியிருந்தது. குழாயில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

அக்கா கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தார்.

"தம்பி, அது நானா வேல செய்யறது?"

"நீங்கதான் அக்கா."

உள்ளே அருண்ராஜ் முகமூடிக்கு மேல் கண்ணை உருட்டி, கையால் போ போ என்றார். அடுத்தவன் மூத்திரத்தை இப்படியா பார்ப்பது என்ற வெட்கம். அக்கா நகரவில்லை. நர்ஸ் பையைக் கீழே வைத்த பிறகும் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.