அட்டை கட்டாத உடல்

மருத்துவக் கல்லூரிப் பிணக்கூடத்தில் மருந்துத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவருக்குத் தொட்டிக்காரர் என்று பெயர் வைத்தது மாணவர்கள்தான். தானமாக வரும் உடலைக் கழுவி, மருந்தேற்றி, கால் கட்டைவிரலில் அட்டை கட்டுவார். வெள்ளை அட்டை, பாடம் நடத்தும் பேராசிரியருக்கு. மாணவர்கள் வெட்டிப் படித்தபின் ஒரு துண்டு விடாமல் சேர்த்து வீட்டாரிடம் கொடுப்பார்கள். சிவப்பு அட்டை, முழங்கால் ஆராய்ச்சிக்காரருக்கு. அதில் கால்கள் வெளியூருக்குப் போய்விடும், திரும்பாது.

முன்பு பேராசிரியரும் ஆராய்ச்சிக்காரரும் தோளில் கைபோட்டுத் திரிந்தவர்கள். ஆராய்ச்சிக்கு நிதி வந்ததும் பிடித்தது சனியன். யாருக்கு எத்தனை உடல் என்று தினமும் குடுமிப்பிடி. ஒருநாள் ஒருவர் சட்டையை ஒருவர் கிழித்தார்கள். இன்னொரு நாள் பறந்த கண்ணாடிக் குடுவை தொட்டிக்காரரின் புருவத்தைப் பிளந்தது. ரத்தம் வழிய நின்றவரை ஏனென்று கேட்க ஒருவருமில்லை. படித்தவர்களாம், தூ.

கடைசியில் டீன் ஒரு விதி போட்டார்: அட்டையில்லாத உடலெல்லாம் ஆராய்ச்சிக்கு. அந்த நோட்டீஸை ஒட்டியவரே தொட்டிக்காரர்தான்.

அந்த மாதம் அவருடைய அண்ணன் இறந்தார். லாரி ஓட்டியவர்.

“நான்தான் படிக்கல. என்னை வெச்சாவது நாலு பேரு படிக்கட்டும்டா” என்று உடலை எழுதிக் கொடுத்திருந்தார்.

அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “படிச்சு முடிச்சதும் அவரை முழுசா எங்கிட்ட குடுத்துடு தம்பி. நான் அடக்கம் பண்ணணும்.”

ஆயிரம் பேருக்கு அட்டை கட்டிய கை, அண்ணன் காலில் எண் கட்ட மறுத்தது. எனக்குத்தான் முகம் தெரியுமே என்று அப்படியே தொட்டியில் இறக்கிவிட்டு லீவில் போனார். பாவி மனுஷன்.

நான்காம் நாள் வந்தபோது அண்ணன் மேசைமேல் தொடைவரைதான் இருந்தார். கால்கள் காலையிலேயே வண்டியேறிவிட்டன. தொட்டிக்காரர் பிணத்தின் தலைக்கு வைக்கும் மரக்கட்டையை எடுத்து, அங்கே நின்ற ஆராய்ச்சிக்காரரின் வாயில் ஓங்கி அடித்தார். இரண்டு பல் தெறித்தது.

“இது யாருன்னு தெரியுமாடா? எங்கண்ணன்டா.”

“அட்டை... இல்லையேய்யா” என்றார் அவர், ரத்தத்தைத் துப்பிக்கொண்டே.

சத்தம் கேட்டு ஓடிவந்த பாடப் பேராசிரியருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. “நல்லாப் போட்டேய்யா. இதை நிதிக் குழு முன்னாடி அப்படியே சொல்லு. அவன் பணமெல்லாம் நமக்குத்தான்.”

அவர் மூக்கையும் அதே கட்டை உடைத்தது.

அன்றே வேலை போனது. மிஞ்சியிருந்த அண்ணனைக் கேட்டு வாங்கி, பெட்டியில் வைத்து மூடி வீட்டுக்குக் கொண்டுபோனார். அண்ணி பெட்டியைத் தலையிலிருந்து கடைசிவரை தடவிப் பார்த்தாள்.

“எங்க கட்டில்ல அவருக்குக் காலு வெளிய நீட்டிக்கும். இந்தப் பெட்டி எப்படி தம்பி பத்துச்சு?”