துவக்கின் சொந்தக்காரர்கள்

எனக்குப் பதினொரு வயதில் அம்மா என் பேரைக் கிழித்துப் போட்டார். அந்தக் கோபத்தை நான் எப்படித் தீர்த்தேன் என்று இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது. ஆனால் இப்போது கோபம் அம்மாவில் இல்லை.

அப்போது, ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறியிருந்த ஸ்காபரோவில், எங்கள் வீட்டு பேஸ்மென்டில் சின்ன மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. வேலை யன்னல் செய்யும் பக்டரியில். மிச்ச நேரமெல்லாம் பழைய ரிவோல்வர் துவக்குகளில் பைத்தியம். அமெரிக்காவின் மேற்கு எல்லையில் குதிரைக்காரர்கள் இடுப்பில் செருகித் திரிந்த வகை. நூறு வருசத்துக்கு மேல் பழசு, லைசென்சும் தேவையில்லை என்று அம்மாவிடம் சத்தியம் பண்ணித்தான் அவற்றை வீட்டுக்குள் கொண்டுவந்தார். உடுப்புத் தோய்க்கக் கீழே போனால் அம்மா, மாமா அவற்றைப் பூட்டி வைத்திருந்த அலுமாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

காரணம் எனக்குத் தெரியும். ஊரில் அம்மாவின் அண்ணனை, என் பெரிய மாமாவை, துவக்கோடு வந்தவர்கள் கூட்டிப்போனார்கள். வந்தது யார், கொண்டுபோனது எங்கே, ஒன்றும் தெரியாது. காணாமற்போனவர்களைத் தேடும் அலுவலகங்களுக்கு அம்மா வருசத்தில் இரண்டு மூன்று கடிதம் போடுவார். அம்மா தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் எழுதவேண்டும். எனக்கு அது பெரிய அறுவை.

சின்ன மாமாவின் கடிதங்கள் அப்படியல்ல. துவக்கை விட அதனோடு வரும் பைலுக்குத்தான் விலை என்பார். முதலில் யார் வாங்கியது, பிறகு யாருக்குக் கைமாறியது, எல்லாவற்றுக்கும் கடிதமும் கையெழுத்தும் இருக்கவேண்டும். மாமாவுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. நான் வாசித்துச் சொல்ல, கண்ணை மூடிக் கேட்பார். அந்தக் கோடையில் வாங்கிய ரிவோல்வரின் பைலில், ஏழு பேர் ஒருவர்விடாமல் வரிசையாக இருந்தார்கள். எட்டாவதாக மாமா தன் பேரைத் தமிழில் எழுதினார். “எனக்குப் பிறகு உனக்குத்தான் பிள்ளை” என்று ஒன்பதாவதாக என் பேரை எழுதினார். அன்று எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களை அடுக்கியபோது நான் அந்தப் பைலையும் கொண்டுபோய் வைத்தேன். மாமா கண்டும் காணாதவர்போல் இருந்தார். பள்ளிக்கூடப் பைலாக்கும் என்று நினைத்து அம்மா தன் கையாலேயே அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தார்.

விஜயதசமி காலை, பூசையில் வைத்ததை எடுத்து ஒரு பக்கம் உரத்து வாசிக்கவேண்டும். நான் பைலை எடுத்தேன். முதல் சொந்தக்காரனின் மகள் எழுதிய கடிதம். அம்மாவுக்கும் விளங்கட்டும் என்று வரிக்கு வரி தமிழில் சொன்னேன். அப்பா ஆற்றங்கரையில் இந்தத் துவக்கால் இரண்டு பேரைச் சுட்டார், அதன் பிறகு அந்தக் காணியில் எங்களுக்கு ஒரு தொல்லையும் இருக்கவில்லை. பேச்சுப்போட்டியில் பேசுவதுபோல ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன்.

அம்மா கடலைத் தட்டைக் கீழே வைத்தார்.

“ஆர் அந்த ரெண்டு பேரும்? பேர் போட்டிருக்கோ?”

நானும் மெனக்கெட்டுத் தேடினேன். இல்லை. “அவை துவக்குக்குச் சொந்தக்காரர் இல்லைத்தானே அம்மா. அவையின்ரை பேர் தேவையில்லை” என்றேன்.

அம்மா பைலைப் பிடுங்கினார். புரட்டிக்கொண்டு போனவர் கடைசித் தாளில், தமிழில், என் பேரைக் கண்டார். அந்தத் தாளையும் கடிதத்தையும் சேர்த்து நாலாகக் கிழித்தார். உந்தத் தாள் போனால் துவக்கு வெறும் இரும்பு அக்கா என்று மாமா குழறினார். இரும்பாகவே கிடக்கட்டும் என்றார் அம்மா. என் பேரைக் கிழித்துப்போட்டீர்கள் என்று நான் கத்தினேன்.

“என்ரை பிள்ளையின்ரை பேர் உந்த வரிசையிலை நிக்கக்கூடாது.”

மாமா மாதம் முடிய முன்னரே வேறு பேஸ்மென்ட் பார்த்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் இருவரையும் மூட்டிவிட்டுத் தான் கழன்றுகொண்டார் என்று அவரிலும் எனக்கு நெடுநாள் கோபம் இருந்தது.

பூசை முடிந்த அடுத்த கிழமை அம்மா வழக்கம்போலக் கடிதம் எழுதக் கூப்பிட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய் இருந்தேன். பெரிய மாமாவின் முழுப்பேரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னார். நான் எழுதவில்லை. என் அண்ணன், என் அண்ணன் என்று மட்டும் கடிதம் முழுக்க எழுதினேன். திருப்பி வாசித்துக் காட்டும்போது மட்டும் பேரைச் சேர்த்து வாசித்தேன். ஆங்கிலம் தெரியாத அம்மா, நம்பிக் கையெழுத்து வைத்தார். அந்தப் பதினொரு வயதுப் பிள்ளை இப்போது என் கையில் கிடைத்தால் கன்னத்தில் ஒன்று வைப்பேன்.

அதன் பிறகு அம்மா வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்ற முன்னரே தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பார். நல்லா வேணும் என்று நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். யாரைத் தேடச் சொல்லி அம்மா கேட்கிறார் என்பதே அந்த அலுவலகத்துக்குத் தெரிந்திராது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.