அலீர் வண்டியின் மண் சட்டை

“இப்போ எந்த ரோட்டுல நல்லா புழுதி பறக்குது?”

கார் பட்டறையின் முன்மேசையில் எனக்கு அது இரண்டாவது நாள். தொலைபேசியை எடுத்து பிரெஞ்சில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையும் வணக்கம் சொல்லியிருந்தேன். இரண்டு மொழியிலும் படித்தவள் என்றுதான் பட்டறைக்காரர் ரெஜான் என்னை வேலைக்கு வைத்திருந்தார். புழுதி விசாரிக்க ஒருவர் கூப்பிடுவார் என்று அவர் சொல்லியிருக்கவில்லை.

“புழுதியா ஐயா?”

“ஆமா. நேத்து வண்டிக்கு அடியில எண்ணெய் அடிச்சேன். சொட்டிக்கிட்டு நிக்குது.”

“கழுவிக் குடுக்கணுமா?”



“நீ யார் வீட்டுப் பொண்ணு?”

“லொரெட் மகள்.”

“லொரெட் மகளா இப்படிக் கேக்குற! எண்ணெய் அடிச்சா மண்ணு பூசணும்மா. புழுதி ரோட்டுல பத்து மைல் விரட்டுனா மண்ணு ஒட்டிக் கெட்டியாயிடும். அப்புறம் உப்புத்தண்ணி தலைகீழா நின்னாலும் இரும்பைத் தொட முடியாது.”

“சதுப்புக்காட்டுப் பாதையில நேத்து நிறைய தூசி பாத்தேன்.”

“அது கறுப்பு மண்ணு. ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். பிடிக்காதவன் எவனாவது கேட்டா அவனுக்குச் சொல்லு அதை.”

ஒரு காருக்கு அடியிலிருந்து ரெஜான் கத்தினார். “அலீர்தானே? கல்லறைக்கு அந்தாண்ட செம்மண் ரோடு காய்ஞ்சு கிடக்குன்னு சொல்லு!”

சொன்னேன். அலீர் நன்றி சொல்லிவிட்டு, “உன் அம்மாகிட்டச் சொல்லு, உன்னை நல்லாத்தான் வளத்திருக்கா, புழுதி விஷயத்துல மட்டும்தான் விட்டுட்டா,” என்று வைத்துவிட்டார்.

கனடாவில், நியூ பிரன்ஸ்விக்கின் எங்கள் கடலோரத்தில் அலீரைத் தெரியாதவர்கள் கிடையாது. முப்பத்தோரு வருஷம் குளிர்காலச் சாலையில் பனி உருக உப்புத் தூவும் லாரியை ஓட்டியவர். ஏழு லாரிகள் அவர் காலுக்குக் கீழேயே துருப்பிடித்து உதிர்ந்தன. நான்காவது லாரியில் பிரேக்கை மிதித்தபோது தரைத்தகடு உடைந்து பூட்ஸ் கீழே இறங்கியது. ஓடும் சாலையைத் தன் இரண்டு முழங்கால்களுக்கு நடுவே பார்த்துக்கொண்டு அரை மைல் போனாராம். அந்த வருஷம்தான் சொந்தமாக இந்த நீலப் பிக்கப் வண்டியை வாங்கினார்; இது ஒன்றையாவது உப்புக்குக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தார்.

ஊருக்கெல்லாம் உப்புப் போட்டவர், தன் வீட்டு முன்னால் மட்டும் தூவியை நிறுத்திவிடுவார். வழி நெடுகக் கறுத்துக் கிடக்கும் சாலை அவர் வாசலில் நூறு அடிக்குப் பனி உறைந்து கண்ணாடியாக இருக்கும். எதிர்ப் பள்ளத்தில் ரெஜான் காரோடு மூன்று முறை விழுந்திருக்கிறார். பங்குத் தந்தை ஒருமுறை, திருப்பலிப் பாத்திரங்களோடு விழுந்தார். ஒவ்வொரு முறையும் அலீரே சங்கிலியோடு வந்து இழுத்துவிட்டு, “ரோடு மோசம்,” என்று வருத்தப்பட்டிருக்கிறார்.

எண்ணெய் அடித்த பிறகு வண்டி பத்து நாள் சொட்டும். அந்தப் பத்து நாளும் அவர் மனைவி ஸெலிக்கா அதை முற்றத்தில் விடமாட்டார். கோவிலில் அறிவிப்பு மாட்டியிருக்கிறார்கள்: எண்ணெய் அடித்த வண்டிகள் கல்லறைப் பக்கம் நிறுத்தவும். ஊரில் எல்லாரும் எண்ணெய் அடிப்பவர்கள்தான். ஆனால் அறிவிப்பு யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. குளிர்காலத்தில் மைனஸ் இருபதுக்குக் கீழே போனால்தான் வண்டி வெளியே வரும். அந்தக் குளிரில் உப்பு பனியை உருக்காது; அதனால் தூவமாட்டார்கள். ஸெலிக்கா தன் தங்கையைப் பார்க்கப் போவதும் அந்த நாட்களில்தான். மூக்கு உறையும் காலையில் இருவரும் சிரித்த முகமாகப் போவதைப் பார்க்கலாம்.

நான் சேர்ந்த மூன்றாம் வருஷம், நவம்பரில், வண்டி தகுதிச் சோதனைக்கு வந்தது. ரெஜான் அதைத் தூக்கியில் ஏற்றி அடியில் நின்று விளக்கடித்தார். 

“அலீர் மாமா, இதுல வண்டி எங்க இருக்கு?”

“மேல பாரு.”

“பாக்குறேன். வயல்தான் தெரியுது. இங்க புல்லு முளைச்சிருக்கு.”

சுத்தியலால் தட்டினார். ‘தொம்’ என்றது. இரும்பு ‘டங்’ என்று சொல்ல வேண்டும்.

“அடிச்சட்டத்து இரும்பைக் கண்ணால பாக்காம இனிமே நான் கையெழுத்துப் போட முடியாது. கழுவிட்டு வாங்க.”

“கழுவுறதா!” அலீர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “இருபத்தாறு வருஷ மண்ணுடா அது.”

“கழுவலைன்னா தகுதிச் சீட்டு கிடையாது. சீட்டு இல்லாம ரோட்டுல ஏறக்கூடாது. உங்களுக்கே தெரியும்.”

“தெரியும். வேற வண்டி வாங்குற வயசும் இல்ல. ஸெலிக்காகிட்ட நீ சொல்லுறியா, தங்கச்சி வீட்டுக்கு நடந்து போன்னு?”

“அடியில இரும்பே இல்லாம மண்ணுதான் வண்டியைத் தாங்குதுன்னா?” என்றார் டயர் மாற்ற வந்த ஒருவர்.

அலீர் எழுந்து வண்டிக்கு அடியில் போய் அண்ணாந்து பார்த்தார். அந்தப் பயம் அவருக்கே உண்டு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பேரம் நடந்தது. ரெஜான் எட்டு இடம் சுரண்டவேண்டும் என்றார். அலீர் ஒன்று என்றார். மூன்றில் முடிந்தது, ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. இடத்தை ரெஜான் தேர்ந்தெடுப்பார். எல்லா வண்டியும் முதலில் துருப்பிடிக்கும் பின் அச்சுக்கு மேலேயே அவர் கை வைத்தார்.

காத்திருந்தவர்கள் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். மண் அடுக்கடுக்காக உரிந்தது. சிவப்பு, சாம்பல், மறுபடி சிவப்பு.

“அந்தச் சாம்பல் ஸெலிக்காவுக்கு ஆபரேஷன் நடந்த வருஷம்,” என்றார் அலீர். “ஆஸ்பத்திரி ரோட்டு மண்ணு. சீக்கிரம் முடிடா, காத்து படுது.”

கடைசி அடுக்கும் விழுந்தது. உள்ளே கறுப்பு பெயிண்ட் அப்படியே மினுங்கியது. அதன்மேல் தொழிற்சாலையில் யாரோ மஞ்சள் சாக்பீஸில் எழுதிய ஓர் எண் கூட அழியவில்லை. ரெஜான் சுத்தியலை ஓங்கினார். டங். மற்ற இரண்டு இடத்திலும் டங். டயர் மாற்ற வந்தவர் தொப்பியைக் கழற்றினார். ரெஜான் சீட்டை ஒட்டினார்.

ஆனால் அலீர் கிளம்பவில்லை. பட்டறையில் இருந்த எண்ணெயை சுரண்டிய மூன்று இடத்திலும் விரலால் தடவினார். ஜன்னலைப் பார்த்தார். வெளியே பனியும் மழையும் கலந்து விழுந்துகொண்டிருந்தது.

“எண்ணெய் இருக்கு. இந்த ஈரத்துல புழுதிக்கு எங்க போறது?”

“வீட்டுல இல்லையா மாமா?” என்றேன்.

“இருக்கு. ஆகஸ்ட்ல அள்ளின காய்ஞ்ச மண்ணு, ரெண்டு மூட்டை. ஆனா வீடு நாலு மைல்.” கடிகாரத்தைப் பார்த்தார். “இந்த மாதிரி நாள்ல மூணு மணிக்கு உப்பு லாரி கிளம்பிடும். நான் கிளப்பின நேரம்தானே.”

அப்போது மூன்று மணிக்கு ஆறு நிமிடம் இருந்தது. அவர் என் மேசைக்கு வந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, தொலைபேசியை என் பக்கம் மெல்ல நகர்த்தினார்.

“நீ ரெண்டு மொழி படிச்ச பொண்ணு. லாரி நிறுத்துற இடத்துக்கு ஒரு போன் போடும்மா. அலீர் வீட்டுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும், ஒரு இருபது நிமிஷம், ரோட்டுல உப்புப் போட வேண்டாம்னு சொல்லு. எந்த மொழில சொன்னா மரியாதையா இருக்குமோ, அதுல சொல்லு.”